ஒரு கேன், மூன்று லேபிள்

என் வலது கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் நான்கு மாதம் நகம் இல்லாமல் இருந்தன. இப்போது நகம் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணலாக. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் பார்த்துவிட்டு, "மிஷின்ல மாட்டிக்கிச்சுங்களா?" என்று கேட்பார்கள். திருப்பூரில் விரலுக்கு ஏதாவது ஆனால் மிஷின்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். நானும் கொஞ்ச நாள் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் மிஷினுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நானே டைப் அடித்து, நானே பசை தடவி ஒட்டிய ஒரு காகிதத்தால் வந்தது. பனியன் கம்பெனிகளில் என்னைப் போல ரிஜிஸ்டர் எழுதும் வேலையில் இருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் வேலைக்குக் 'கம்ப்ளையன்ஸ்' என்று பெயர். ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா முறை ஒழிந்து வெளிநாட்டு ஆர்டர்கள் கொட்ட ஆரம்பித்த வருடங்கள் அவை. பையர்கள், அதாவது வாங்குகிறவர்கள், துணியைப் பார்ப்பதோடு கம்பெனியையும் பார்க்க ஆரம்பித்தார்கள். தீ வாளியில் மணல் இருக்கிறதா, கெமிக்கலை எங்கே வைக்கிறீர்கள், காலிக் கேனை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று ஒவ்வொரு பையருக்கும் ஒரு பட்டியல். அது போக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அபாயகரக் கழிவுக் கணக்கு தனி. இத்தனைக்கும் காகிதம் தயார் செய்து வைக்க ஒரு ஆள் வேண்டும். நான் பி.காம்., கையெழுத்து அழகாக இருக்கும், அதனால் முதலாளி என்னைப் போட்டார். கெமிஸ்ட்ரியைப் பத்தாம் வகுப்போடு கைகழுவியவன் நான். அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் கம்பெனி முதலிபாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருந்தது. பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். 'அபாயகரக் கழிவு' என்று மஞ்சள் போர்டு, அதில் மண்டை ஓடு. பெயிண்டர் வரைந்த முதல் மண்டை ஓடு சிரிப்பது போல இருந்ததென்று நான் பக்கத்தில் நின்று மாற்றி வரையச் சொன்னேன். காலிக் கெமிக்கல் கேன்கள் அந்த ஷெட்டில் பூட்டி வைக்கப்பட்டு, லைசென்ஸ் உள்ள பார்ட்டியிடம் மட்டுமே போக வேண்டும் என்பது விதி. ரிஜிஸ்டரில் அப்படித்தான் போனது. நிஜத்தில் தொழிலாளிகள் வீட்டுக்குப் போனது. குழாயில் பத்து நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும் ஊரில், மூடி இறுகும் இருபது லிட்டர் கேன் என்றால் சும்மாவா? யாருக்கு முதலில் என்று சண்டை வந்ததால், ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு முறைப் பட்டியல் எழுதி வைத்தேன். வேலைக்குச் சேர்ந்த தேதி, வீடு எங்கே, வீட்டில் எத்தனை பேர், எல்லாம் பார்த்து எழுதிய பட்டியல். அந்த ரிஜிஸ்டரிலேயே முழு உண்மையான பக்கம் அது ஒன்றுதான்.

இனி 'துரு தண்ணி' பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளை பனியனில் ஊசியாலோ கொக்கியாலோ துருக்கறை பட்டால் அந்தப் பீஸ் ரிஜெக்ட். செக்கிங் செக்‌ஷனில் கறை எடுக்க ஒரு மேஜை உண்டு. அங்கே ஒரு கேனில் இருந்து டம்ளரில் ஊற்றி, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தொட்டுத் தடவினால் கறை மாயமாகிவிடும். அதைக் கொண்டுவருபவர் மொபெட்டில் வருவார், பில் கிடையாது, எல்லோரும் துரு தண்ணி என்றுதான் சொல்வோம். நான் சேர்ந்தபோதே கேனில் 'ஆக்சாலிக் ஆசிட்' என்று ஒரு லேபிள் ஒட்டியிருந்தது. பையர் அனுப்பிய ஒரு ஆடிட்டர் 'ஆசிட்' என்ற வார்த்தையைப் பார்த்து முகம் சுளித்தார். அடுத்த ஆடிட்டுக்கு முன் நான் அதன்மேல் 'சோப்பு ஆயில்' என்று ஒட்டி, காற்று புகாமல் டேப்பும் போட்டேன். கேன் காலியானால் மொபெட்காரர் அதே கேனில்தான் நிரப்பிக்கொடுப்பார் என்பதால் லேபிள் நிலைத்துவிட்டது. சுவரில் சோப்பு ஆயிலுக்கான பாதுகாப்பு சார்ட்டும் தொங்கவிட்டேன். 'எரிச்சல் ஏற்பட்டால் தண்ணீரில் கழுவவும்.' ஆக்சாலிக்குக்கு அடியிலும் ஒரு லேபிள் இருந்ததை விளிம்பில் பார்த்திருக்கிறேன். அது என்ன என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

விரலில் பட்டது ஒரு சனிக்கிழமை. அதற்கு அடுத்த திங்கட்கிழமை பெரிய பையர் ஒருவரின் ஆடிட். அவர்கள் கறை எடுக்கும் மேஜையை நோண்டுவார்கள் என்று கேள்விப்பட்டு, கேனையே அப்புறப்படுத்திவிடலாம் என்று முடிவு செய்தேன். அடியில் ஒரு சொம்பு அளவு மிச்சம் இருந்தது. வேறு யாரிடமாவது சொன்னால் பேச்சு பரவும் என்று நானே மத்தியானம் ஷெட்டுக்குத் தூக்கிப்போய் மிச்சத்தைக் கழிவு டிரம்மில் கவிழ்த்தேன். கையில் மெல்லிய ரப்பர் உறை போட்டிருந்தேன். வழிந்தது விரலோடு ஓடியது. உறையில் எங்கோ ஊசி ஓட்டை இருந்திருக்கிறது, உள்ளே ஈரம் தெரிந்தது. எரிச்சல் ஒன்றும் இல்லை. நான் மாட்டிய சார்ட்டின்படியே தண்ணீரில் கழுவிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

பட்டியலில் அடுத்த பெயர் இசக்கியம்மாள். கறை எடுக்கும் மேஜையில் வேலை செய்பவள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், புருஷனும் இரண்டு பிள்ளைகளுமாக நெருப்பெரிச்சல் என்ற ஊரில், வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் இருந்தாள். "நல்லா அலசிக்கங்க" என்று சொல்லிக் கேனைக் கொடுத்தேன். முகமெல்லாம் சிரிப்பாகத் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

வலி ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிடும்போது ஆரம்பித்தது. தயிர்சாதத்தைப் பிசைய விரலை மடக்கினேன், மடங்கவில்லை. நகத்துக்கு அடியில் யாரோ சூடான கம்பியைச் செருகி மெதுவாகத் திருப்புகிற மாதிரி இருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றுமே இல்லை. கொப்புளம் இல்லை, சிவப்பு இல்லை. என் மனைவி சாந்தாமணி கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஏதாச்சும் பூச்சி கீச்சி கடிச்சுதுங்களா?" என்றாள். ஒரு மணி நேரத்தில் நான் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் முதலாளிக்கு போன் செய்தேன். பழக்கதோஷம், எது என்றாலும் அவரைக் கேட்டுச் செய்வது. அவர் கெட்டவர் இல்லை, பதறித்தான் போனார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க நாச்சிமுத்து. எந்த ஆஸ்பத்திரினாலும் போங்க, செலவை நான் பாத்துக்கறனுங்க. ஆனா கம்பெனி பேரு மட்டும் வேண்டாமுங்க. ஊட்டுல பாத்ரூம் கழுவறப்ப ஆசிட் தெறிச்சுதுன்னு சொல்லிருங்க. திங்கக்கெழம ஆடிட்டு, உங்களுக்குத் தெரியாததுங்களா?"

எனக்கா தெரியாது? அந்த ஆடிட்டுக்காக மூன்று வாரமாக நான்தானே தூங்காமல் இருந்தேன். பக்கத்து நர்சிங் ஹோமில் போய் அப்படியே சொன்னேன். அங்கே இருந்த டாக்டர் கையைத் தண்ணீரில் பிடிக்கச் சொல்லி, களிம்பு தடவிக் கட்டுப் போட்டு, வலிக்கு ஊசி போட்டார். "பாத்ரூம் ஆசிட்தானே, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார். பொய் சொன்ன எனக்குக்கூட அதைக் கேட்க ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் ஊசியின் மயக்கம் தெளியும்வரை நின்றது.

விடிந்தபோது கட்டைப் பிரித்துப் பார்த்தோம். இரண்டு விரல்களின் நுனியும் சாம்பல் நிறத்தில் வெளுத்து, ஊறிய கொண்டைக்கடலை போல உப்பியிருந்தன. நகம் நீலம் பாரித்திருந்தது. வலி மணிக்கட்டுவரை ஏறியிருந்தது. நான் ஆண்பிள்ளை என்பதெல்லாம் போய், வாய்விட்டு அழுதேன். என் மகள் அடுப்பங்கரையில் நின்று காதைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். அவளை அந்த நிலையில் தனியாக விட முடியாது என்று சாந்தாமணி வீட்டில் இருந்துகொள்ள, அவள் தம்பி என்னைக் காரில் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனான். போகும் வழியெல்லாம் ஒரே நினைப்புதான்: வலது கை. எழுதும் கை போனால் என்னை யார் வைத்துக்கொள்வார்கள்?

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் கூட்டம். எண் கொடுத்து உட்கார வைத்தார்கள். எதிரே ஒரு குழந்தை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது, அதன் அம்மா அதன் முகத்தைத் திருப்பினாள். என் பெயரைக் கூப்பிட்டபோது உள்ளே இளவயது டாக்டரம்மா ஒருவர் இருந்தார். கையைத் தொடாமல், குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"எதுல பட்டுது?"

"பாத்ரூம் ஆசிட்ங்க."

"எப்ப வலிக்க ஆரம்பிச்சுது?"

"பட்டு ஆறு மணி நேரம் கழிச்சுங்க."

அவர் நிமிர்ந்தார். "பாத்ரூம் ஆசிட் பட்ட உடனே எரியும். ஆறு மணி நேரம் சும்மா இருந்துட்டு வலிக்காது. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"பனியன் கம்பெனிங்க. ஆபீஸ் வேலை."

"அங்க என்ன கெமிக்கல்?"

"சோப்பு ஆயில்னு போட்டிருக்குங்க" என்றேன். பாதி உண்மை சொல்லித் தப்பிக்கலாம் என்ற நப்பாசை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சோப்பு இப்படிப் பண்ணாது சார். இங்க பாருங்க. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. நான் நினைக்கறதா இருந்தா, மத்த ஆசிட் மாதிரி அது மேலத் தோலைச் சுட்டுட்டு நிக்காது. தோலைத் தாண்டி உள்ள போயி எலும்புல இருக்கற கால்சியத்தைத் தின்னும். ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா ஹார்ட் துடிப்பே தடுமாறும். அதுக்கு மருந்து இருக்கு. ஆனா விரலுக்குள்ள ஊசியால ஏத்தணும். தேவையில்லாம ஏத்தினா அந்த ஊசியே விரலைக் கெடுத்துடும். எனக்குப் பேர் வேணும், எத்தனை பர்சென்ட்னு வேணும். யூகத்துல நான் உங்க விரல்ல குத்த மாட்டேன்."

நெஞ்சில் ஈசிஜி ஒயர்களை ஒட்டினார்கள். இதயத் துடிப்பை வரைந்து காட்டும் மிஷின் அது. ரத்தத்தில் கால்சியம் பார்க்க ஒரு குழாய் எடுத்தார்கள். படுத்தபடி அந்தக் காகிதத்தில் ஊசி கிறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. இசக்கியம்மாள் இரண்டு மாதம் முன்பு ஆபீஸ் வாசலில் நின்று, "சார், சாயங்காலமானா விரல் நுனி தெறிக்கி சார், பிள்ளைக்குச் சோறு ஊட்ட முடியல" என்றாள். நான் அவளைக் கூட்டிப்போய்ச் சுவரில் இருந்த சோப்பு ஆயில் சார்ட்டைப் படித்துக் காட்டினேன். முதலுதவி ரிஜிஸ்டரில் 'கை வலி, தைலம் கொடுக்கப்பட்டது' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். இந்த வலியில் நூற்றில் ஒரு பங்காவது அவளுக்கு இருந்திருந்தால், அவள் எப்படி மறுநாள் வேலைக்கு வந்தாள் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். லேபிள் மேல் லேபிள் ஒட்டியது, அடியில் இருப்பதை நான் படித்ததே இல்லை என்பது, கேன் இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்பது. அவர் திட்டவில்லை. "அந்தக் கேன் வேணும், உடனே" என்றார்.

துரு தண்ணி கொண்டுவருபவரின் போன் அணைந்திருந்தது. முதலாளிக்கு அடித்தேன். "நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்க முடியாதுங்களா?" என்றார். அவர் கேட்ட விதத்தில் கெஞ்சல்தான் இருந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவர் பேசி முடிக்கும் முன் போனை வைத்தேன்.

இசக்கியம்மாளிடம் போன் கிடையாது. ஆனால் அவள் வீடு எங்கே என்பது என் பட்டியலில் இருந்தது, அது எனக்கு மனப்பாடம். சாந்தாமணிக்கு போன் செய்து, மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மொபெட்டில் நெருப்பெரிச்சல் போகச் சொன்னேன். என் கை இப்படி இருக்க, அதே கேனைத் தொட என் பெண்டாட்டியையே அனுப்புகிறேன்.

"கையில ரெண்டு மூணு கேரி பேக் சுத்திக்க. தண்ணி தெறிக்காமப் பாத்துக்க. முகத்தக் கிட்ட கொண்டுபோகாத" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"சரிங்க, நான் பாத்துக்கறனுங்க. நீங்க போனை வெச்சுட்டு அந்தக் கையப் பாருங்க."

அதன்பின் ஒரு மணி நேரத்துக்குமேல். ஆஸ்பத்திரியில் காத்திருப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு என்னால் சொல்ல முடிவது இதுதான்: ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் நமக்குத்தான் ஏதோ வருகிறது என்று நினைப்போம், வருவது தரை துடைக்கிற அம்மாவாக இருக்கும். வலிக்கு ஊசி கேட்டேன், டாக்டரம்மா சொல்லாமல் போட முடியாது என்று நர்ஸ் மறுத்துவிட்டார். மச்சினன் என் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கும் அவனுக்கும் ஒரு நிலத் தகராறில் இரண்டு வருடமாகப் பேச்சு சரியில்லை. அன்று அவன் என் வாயைத் துடைத்துவிட்டு இளநீர் ஸ்ட்ராவைப் பிடித்துக்கொண்டான். மனசுக்குள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், வாய்விட்டுக் கேட்க அப்போது தெம்பில்லை.

போன் வந்தது. லைன் வீட்டுக்காரரின் போனில் இருந்து சாந்தாமணி பேசினாள். கேன் வாசலில் தண்ணீரோடு நின்றிருக்கிறது. உப்புத் தண்ணீர், குளிக்கவும் பாத்திரம் கழுவவும் வைத்திருந்தார்களாம். குடிக்க எடுக்கவில்லை, வாடை இருந்ததாம். நான் கும்பிட்டேன், யாரை என்று தெரியவில்லை.

"மேல உங்க லேபிளு. சுடுதண்ணி துணியப் போட்டு ஊற வெச்சு ஸ்பூனுல சுரண்டினமுங்க. உங்க டேப்பு வரவே மாட்டீங்குது, எதுக்குங்க இத்தன கெட்டியா ஒட்டுனீங்க?" என்றாள். அவள் திட்டுகிறாளா, அழுகிறாளா என்று புரியவில்லை. "அடியில ஆக்சாலிக்குனு ஒண்ணு. அதையும் எடுத்தாச்சு. அதுக்கும் அடியில இங்கிலீசுல சிவப்பா சின்னச் சின்ன எழுத்துங்க. எனக்குப் படிக்கத் தெரியல. ஒவ்வொரு எழுத்தா சொல்லட்டுங்களா?"

போனை டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அவர் என் கேஸ் ஷீட்டின் ஓரத்தில் எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டார். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட். "பர்சென்ட் எவ்வளவுன்னு இருக்கா? கீழ பாருங்கம்மா... சரி. போதும்மா. ரொம்ப நன்றி. நீங்களும் அந்த வீட்ல இருக்கறவங்களும் கையை நல்லாக் கழுவிட்டு, அவங்க எல்லாரையும் கூட்டிட்டு உடனே இங்க வாங்க. பிள்ளைகளையும்." போனை வைத்துவிட்டு அவர் ஓடினார். டாக்டர் ஒருவர் ஓடிப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் முறை.

கால்சியம் மருந்தைக் களிம்பாகக் கலக்கி, ஆபரேஷன் உறை ஒன்றில் நிரப்பி, அதற்குள் என் கையை நுழைத்தார்கள். பிறகு விரல் நுனிகளில் மெல்லிய ஊசியால் துளித் துளியாக ஏற்றினார்கள். மரத்துப்போக மருந்து கேட்டுக் கதறினேன்.

"மரத்துப்போனா எனக்குத் தெரியாம போயிடும் சார். உங்க வலி குறையறதுதான் மருந்து போய்ச் சேர்ந்துச்சுங்கறதுக்கு அடையாளம். குறைஞ்சா சொல்லுங்க. பொய் மட்டும் சொல்லாதீங்க" என்றார் டாக்டரம்மா.

குறைந்தது. ஊசி மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒரு விரலில் வலி யாரோ விளக்கை அணைத்த மாதிரி நின்றது. அடுத்ததில் நிற்கவில்லை. இரண்டு நகங்களுக்கும் அடியில் மருந்து போக வழியில்லை என்று மறுநாள் நகங்களை எடுத்தார்கள். அன்று மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள்.

இரண்டாவது நாள் ரத்தத்தில் கால்சியம் கொஞ்சம் இறங்கியது என்று கை நரம்பில் மருந்து ஏற்றினார்கள். நெஞ்சில் ஒயரோடு இருந்த அந்த இரண்டு நாளும் மிஷினின் ஒவ்வொரு 'பீப்'பையும் எண்ணினேன். ஒன்று தாமதமானால் கையைத் தூக்கி நர்ஸைக் கூப்பிடுவேன். மூன்றாவது தடவை அவர், "அண்ணா, அது ஒயர் நழுவுது, உங்க உசுரு இல்ல" என்று சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயாக இட்லி ஊட்டினாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அவள் நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

திங்கட்கிழமை ராத்திரி முதலாளி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். ஆடிட் முடிந்திருந்தது. கெமிக்கல் பராமரிப்பு மிகத் திருப்தி என்று எழுதிக் கொடுத்தார்களாம். ரிஜிஸ்டரின் கையெழுத்தைத் தனியாகப் பாராட்டினார்களாம். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

"இங்க ஆக்சிடெண்ட் ரிஜிஸ்டர்ல எழுதறாங்களாமாங்க. போலீசுக்கும் போகுமாமா?"

"ஆமாங்க. சொல்லிட்டனுங்க. எங்க பட்டுது, எப்படிப் பட்டுது, எல்லாமே."

அவர் ஆப்பிள் கவரின் முடிச்சைத் தடவினார். "இருநூறு பேரு வேல செய்யறாங்க நாச்சிமுத்து" என்றார். அது எனக்கும் தெரியும். அதை நினைத்துத்தான் ஆறு வருடம் எழுதினேன். அவர் ஆஸ்பத்திரிச் செலவை முழுக்கக் கொடுத்தார், அதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். ஆனால் நான் திரும்பி அந்த வேலைக்குப் போகவில்லை. அவரும் வா என்று சொல்லவில்லை.

இவ்வளவையும்விட என்னை உலுக்கியது வேறு. ஞாயிறு மாலையே சாந்தாமணி கூட்டிவந்த இசக்கியம்மாளுக்கும், அவள் புருஷனுக்கும், இரண்டு பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். சின்னவனுக்கு நாலு வயது. அந்தத் தண்ணீரில் குளித்திருந்தான். முதலில் எடுத்ததில் ஒன்றும் இல்லை. ஆனாலும் மறுநாள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று வார்டில் தங்கச் சொன்னார்கள். அந்த இருபத்துநாலு மணி நேரத்தில் என் விரல் எனக்கு ஞாபகமே இல்லை. ஒவ்வொரு நர்ஸிடமும் அந்தப் பையனைப் பற்றிக் கேட்டேன். மறுநாளும் நல்லபடியாக வந்தது. இசக்கியம்மாளின் விரல்களை மட்டும் டாக்டரம்மா தனியாகப் பார்த்தார். நகங்களின் ஓரம் மஞ்சளித்துக் கரைந்திருந்தது. அவளுக்கும் களிம்பு கொடுத்து, இனி அந்த மேஜைப் பக்கமே போகக் கூடாது என்றார்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் அவள் சின்னவனைக் கையில் பிடித்துக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். புருஷனை அனுப்பி அடிக்கச் சொன்னாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன்.

"கை எப்படி சார் இருக்கு? அக்கா வந்து சொன்னதும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு."

"பரவால்லீங்க" என்றேன்.

"அந்தக் கேனை டாக்டரம்மா வாங்கி வச்சிட்டாவ. நாலு மட்டம் சோப்பு போட்டுக் கழுவித்தான் சார் வச்சிருந்தேன். இனிமே அதைத் தர மாட்டாவளா?"

தர மாட்டார்கள் என்றேன். பிறகு அதில் என்ன இருந்தது என்று சொன்னேன். பெயரைச் சொன்னேன். அது தோலைத் தாண்டி உள்ளே போவதை, எலும்பைத் தேடுவதை, சாயங்காலத்தில் அவள் விரல் தெறித்தது ஏன் என்பதை, எனக்குப் புரிந்த அளவுக்குச் சொன்னேன். அந்தக் கம்பெனியில் ஆறு வருடம் சுவரெல்லாம் சார்ட் ஒட்டியவன், ஒரு தொழிலாளியின் முகத்தைப் பார்த்து 'நீ தொடுவது இது' என்று சொன்னது அன்றுதான். அவள் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பையன் என் கட்டிலின் இரும்புக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"இது இன்னதுன்னு உங்களுக்குத் தெரியும்லா சார்?"

"தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்களைத் தொட விட்டிருப்பனுங்களா?" அதைச் சொன்னால் அவள் மன்னித்துவிடுவாள் என்று நம்பினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"அப்போ தெரியாமலா சார் பேர் எழுதி ஒட்டினீய?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு வார்டை விட்டு வெளியே போனாள்.